சேவுகன் வெட்டிய ஐந்தாம் இதழ்

இறந்தவருக்குக் கண் திறக்கும்போது சேவுகன் அண்ணன் நாற்காலியைப் பக்கவாட்டில் திருப்பிக்கொள்வார். கிடத்திய உடலைச் செல்போனில் எடுத்த படம் திரையில் இருக்கும். மூடிய இமையை அழிப்பார், கருவிழி வைப்பார். கடைசியாக ஒரு வெள்ளைப் புள்ளி. அதை வைக்கையில் மட்டும் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பி, ஓரக்கண்ணால் மவுஸை அழுத்துவார். முதல் பார்வை தன்மேல் விழக்கூடாதாம்.

புதுக்கோட்டை பேருந்து நிலையத்துக்கு எதிர்ச்சந்தில், கண்ணீர் அஞ்சலி பிளெக்ஸ் வடிவமைப்பது அவர் பிழைப்பு. அடுத்த கடையில் எனக்கு ஜெராக்ஸ் வேலை. மதியங்களில் அவர் படக்கதை வரைவார். நான் நகலெடுத்துத் தைத்துத் தருவேன். இதழுக்கு நூற்றைம்பது பிரதி. பெயர் 'விழித்தவர்கள்'. ரத்தக்காட்டேரிக் கதைதான்; ஆனால் அதில் ரத்தம் குடிப்பவர்களுக்குக் கோரைப்பல் இல்லை, கறுப்பு அங்கி இல்லை. பிளெக்ஸில் கண் திறக்கப்பட்ட செத்தவர்கள், அதே வெள்ளைச் சட்டையில், சாயங்காலக் காப்பி நேரத்துக்கு வீட்டுக்கு வருவார்கள். கடிக்கமாட்டார்கள். யார் உறவுமுறை சொல்லிக் கூப்பிடுகிறார்களோ, அவர்கள் உடம்பில் ரத்தம் தானாக வற்றும். கூப்பிடாமல் இருக்க எந்த வீட்டாலும் முடியாது.

நான்காம் இதழில் ஒரு முகம் அமையவே இல்லை. கணினியில் கிடந்த அழகுமலையின் முகத்தைப் பார்த்து வரைந்துவிட்டார். அழகுமலை, குன்றாண்டார்கோவில் பக்கம் கிணற்றில் தவறி விழுந்து செத்தவர். அவருடைய பிளெக்ஸ் அப்போதும் ஊர் பஸ் நிறுத்தத்தில் நின்றுகொண்டிருந்தது.

ஒரே மாதத்தில் அழகுமலையின் மனைவி காத்தாயி அந்த இதழோடு அண்ணன் கடைக்கு வந்தார்.

"எங்க வீட்டுக்காரரு யாரு ரத்தத்தக் குடிச்சாரு? சொல்லுங்க தம்பி."

"அது சும்மா கதைங்கம்மா" என்றார் அண்ணன்.

"கதைன்னா ஒங்க அப்பன் மூஞ்சிய வரைய வேண்டியதுதானே? எம் மக அருணாவுக்குத் தட்டு மாத்த நாளு குறிச்சிருந்தாக. இதப் பாத்துட்டு, அப்பன் காட்டேரியா அலையுற வீட்டுல பொண்ணு எடுக்கமாட்டோம்னுட்டாக."

மறுநாளே அண்ணன் கொடும்பாளூரில் மாப்பிள்ளை வீட்டுக்குப் போனார். நானும் கூடப் போனேன். வாசலைத் தாண்ட விடவில்லை.

"பேய வரையுறவன் வந்து பேய் இல்லேன்னா நம்பணுமா? அங்கிட்டுப் போங்க" என்றார் மாப்பிள்ளையின் தகப்பனார்.

அண்ணன் வீடு வீடாக அலைந்து நூற்று நாற்பத்து மூன்று பிரதிகளைத் திரும்ப வாங்கினார். அவற்றோடு, வரைந்து முடித்திருந்த ஐந்தாம் இதழின் மூலத்தாள்களையும் என் கடை கட்டிங் மெஷினில் வைத்து, அவரே கைப்பிடியை இறக்கினார். அதன்பிறகு அவர் பென்சில் பிடித்து நான் பார்க்கவில்லை. கல்யாணமும் நடக்கவில்லை.

அடுத்த ஆண்டு மதிப்பெண் சான்றிதழ் நகலெடுக்க அருணா வந்தாள்.

"பக்கத்துக் கடை அண்ணன் வரையுறத விட்டுட்டாராமே?"

தலையாட்டினேன்.

"எனக்கு அந்த மாப்ள புடிக்கல. எங்கம்மாட்ட சொன்னேன், கேக்கல. காலேஜ்ல ஒரு புள்ள கையில அந்தப் பொஸ்தகத்தப் பாத்தேன். வாங்கி, அப்பா மூஞ்சி இருந்த பக்கத்த மடிச்சு, மாப்ள வீட்டுக்குக் கூரியர்ல அனுப்பினது நாந்தாண்ணே."