உப்புக்காற்றும் கிட்டார்களும்

கராச்சர்மா என்ற எங்கள் தீவு ஊரில் பழைய எலெக்ட்ரிக் கிட்டார்கள் சேர்ப்பவர் அவர். நரைத்த தாடி, கையில் எப்போதும் ஒரு மஞ்சள் துணி. பள்ளியில் படிக்கும் என் மகள் அவரிடம் வாசிக்கப் பழகுகிறாள். முதல்முறை அவளை அழைத்துவரப் போனபோது கதவும் ஜன்னல்களும் தாழிட்டிருந்தன. பதறித் தட்டினேன்.

"எதுக்கு சார் பூட்டிருக்கீங்க?"

"உப்புக்காத்தும்மா. ஜங் பிடிச்சிரும், துருவேறி வீணாயிரும். எல்லாம் நாம பிறக்கறதுக்கு முன்னாடி செஞ்சது. ஒரு ஸ்க்ரூ மாத்தினாலும் மதிப்பு போயிரும்."

"எம்பொண்ணு இருக்கறப்ப திறந்துதான் இருக்கணும்."

"அம்மா, மானத்த வாங்காத!" என்றாள் மகள்.

அவர் எல்லாவற்றையும் திறந்துவிட்டார்.

மழைக்காலம் முடிவதற்குள் கிட்டார்களில் துரு ஏறிவிட்டது. அவர் துடைத்துக்கொண்டே இருக்கிறார்; கதவைச் சாத்தவில்லை. அப்படிப்பட்டவரை நம்பலாம்தான். ஆனாலும் வகுப்பு முடியும்வரை நான் வாசலில்தான் உட்கார்ந்திருக்கிறேன்.