பின்சீட்டில் இரண்டு பேர்

ஐந்தாம் வகுப்பு முழுப்பரீட்சை முடிந்த சித்திரை மாதத்தில்தான் அப்பாவின் மேல் எனக்குச் சந்தேகம் வந்தது. பொதுவாகவே நான் கொஞ்சம் சந்தேகப் பேர்வழி. மிட்டாய்க் கடைக்காரர் எண்ணிக் கொடுத்ததை அவர் எதிரிலேயே திரும்ப எண்ணுவேன். ஆனால் இந்தச் சந்தேகம் சும்மா வந்ததில்லை. மரக்காணத்தில் உப்பளத்தில் வேலை செய்கிறவர்கள் சித்திரையில் ஊரை விட்டு நகர மாட்டார்கள். வெயில் ஏற ஏறத்தான் பாத்தியில் உப்பு விளையும். காதுகுத்து, மொட்டை எல்லாவற்றையும் மழைக்காலத்துக்குத் தள்ளிவிடுவார்கள். காய்ச்சல் வந்தால்கூடத் தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு உப்பு வாரப் போகிற எங்கள் அப்பா, அந்தச் சித்திரையில் மேஸ்திரியிடம் நாலு நாள் லீவு கேட்டார். காரணம் என்ன என்றால், குடும்பத்தோடு மலை பார்க்கப் போகிறோமாம்.

திட்டம் போட வந்தவர் மாமா, அம்மாவின் தம்பி. ஆரோவில்லுக்கு வருகிற வெளியூர்க்காரர்களுக்குக் கார் ஓட்டுகிறவர். வழியெல்லாம் அவருக்கு அத்துப்படி. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சாப்பிட்டுவிட்டு, போனில் மேப்பைத் திறந்து வைத்துக்கொண்டு இரண்டு பேரும் பாயில் உட்கார்ந்துவிடுவார்கள். அப்பா என்னுடைய பழைய கணக்கு நோட்டில் வரிசையாக எழுதுவார். கோத்தகிரி. மேட்டுப்பாளையம். பவானிசாகர் அணை. மேட்டூர். ஒகேனக்கல். சாத்தனூர் அணை. செஞ்சிக்கோட்டை. திண்டிவனம். மரக்காணம்.

அந்தப் பட்டியலை எடுத்துப் பார்த்தேன். அதில் மலையிலிருந்து கடலுக்கு வருகிற வழி மட்டும்தான் இருந்தது. இங்கிருந்து கோத்தகிரிக்கு எப்படிப் போவது என்று ஒரு வரிகூட இல்லை. கேட்டால், போவதென்ன, நேர் ரோட்டில் ஒரே மூச்சில் போய்விடலாம் என்றார் மாமா. அப்படியானால் வரும்போது மட்டும் ஏன் மூன்று நாள் சுற்றிக்கொண்டு வரவேண்டும்? சேலம் வழியாக வந்தால் ஒரு பகலில் வந்து சேரலாம் என்று அவரே சொல்லியிருக்கிறாரே? மாமா அப்பாவைப் பார்த்தார். அப்பா என்னைத் தண்ணீர் கொண்டுவரச் சொன்னார்.

இதற்கு நடுவில் அம்மா புதிதாக ஒரு துண்டு, சோப்பு டப்பா, சீப்பு, ஒரு எவர்சில்வர் தட்டு எல்லாம் வாங்கிப் பரண் மேல் ஒளித்து வைத்தாள். எங்கள் வீட்டில் இவை எல்லாமே இருந்தன. எல்லாம் ஒரே ஒரு ஆளுக்கு என்பதால் எனக்குப் பயம் வந்துவிட்டது. காரணம், என் பெஞ்சில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவளுக்கு முந்தின வருஷம் இதே மாதிரிதான் நடந்தது. ஊட்டி பார்க்கலாம் என்று அழைத்துக்கொண்டு போய், படகில் எல்லாம் ஏற்றிவிட்டு, கடைசி நாள் அங்கே ஒரு ஹாஸ்டலில் விட்டுவிட்டு வந்துவிட்டார்கள். நானோ கணக்கில் முப்பத்தொன்று வாங்கியிருந்தேன்.

சந்தேகத்தை உறுதி செய்தது மாமாவின் ஒரு பேச்சு. வரும்போது முன்னால் தானும் அப்பாவும், பின்சீட்டில் இரண்டே பேர்தான், நன்றாகக் காலை நீட்டி உட்காரலாம் என்றார். கதவுக்குப் பின்னால் நின்று விரல் விட்டு எண்ணினேன். முன்னால் மாமா, அப்பா. பின்னால் அம்மா, இன்னொருத்தர். அந்த இன்னொருத்தர் நான்தான் என்றால் என் பெயரைச் சொல்ல வேண்டியதுதானே? மாமா கிளம்பியதும் அப்பாவிடம் நேராகவே கேட்டுவிட்டேன். திரும்பி வரும்போது பின்சீட்டில் யார் யார் என்று. அப்பா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். "அம்மாவும் இன்னொருத்தரும்" என்றார். அது யார் என்றதற்கு, "வந்தா தெரியப்போவுது" என்று எழுந்து போய்விட்டார்.

அவ்வளவுதான். ஹாஸ்டல் வார்டன் யாரையோ ஊருக்கு ஏற்றிக்கொண்டு வரப்போகிறார்கள், என் இடத்தில் அவள் உட்காரப்போகிறாள் என்று முடிவே கட்டிவிட்டேன். எங்கள் ஊரில் காரில் போகும்போது குழந்தைகளுக்கு யாரும் இடம் எண்ணுவதில்லை, நான் அப்பாவின் மடியில்தான் உட்கார்ந்து வந்திருப்பேன் என்பது எனக்குத் தோன்றவே இல்லை.

அப்பாவைத் தட்டிக்கேட்க உலகத்தில் ஒரே ஆள்தான் உண்டு. பெரியப்பா. அவர் எதிரில் அப்பா உட்காரக்கூட மாட்டார். நோட்டில் அந்தப் பக்கத்தைக் கிழித்து, மடித்து, பாவாடை இடுப்பில் செருகிக்கொண்டு பெரியப்பா வீட்டுக்கு ஓடினேன். என்னை மலையில் விட்டுவிட்டு வரப்போகிறார்கள் என்று அழுதுகொண்டே சொன்னேன். பெரியப்பா முதலில் சிரித்தார். பிறகு கண்ணாடியைப் போட்டுக்கொண்டு காகிதத்தைப் படித்தார். முதல் பெயரிலேயே அவர் விரல் நின்றுவிட்டது.

"யாரு எழுதுனது இது?"

"அப்பா."

"கோத்தகிரியிலேர்ந்து யாரு வர்றாங்களாம்?"

தெரியாது என்றேன். கடலை உருண்டை ஒன்றைக் கொடுத்து, உன்னை யாரும் எங்கேயும் விடமாட்டார்கள் என்று சத்தியம் செய்து அனுப்பினார். எனக்கு நிம்மதி. வழியெல்லாம் உருண்டையை நக்கிக்கொண்டே வந்தேன்.

அன்று பொழுது சாய்வதற்குள் பெரியப்பா எங்கள் வீட்டுக்கு வந்தார். என்னை விளையாடப் போகச் சொன்னார்கள். நான் வீட்டுக்குப் பின்னால் போய் நின்றேன். அப்போதுதான் எனக்கு ஒரு அத்தை இருப்பதே தெரிந்தது. அப்பாவுக்கும் பெரியப்பாவுக்கும் தங்கை. ஆரோவில்லில் வேலைக்குப் போன இடத்தில், கோத்தகிரியிலிருந்து வந்த ஒரு கொத்தனாரோடு போய்விட்டவள். பன்னிரண்டு வருஷமாக அவள் பேச்சை எடுக்கக்கூடாது என்று வைத்திருந்தவர் பெரியப்பா. அப்பா மட்டும் உப்பளத்திலிருந்து போனில் பேசிக்கொண்டிருந்திருக்கிறார்.

பெரியப்பா அழுகிற குரலில் சொன்னது எனக்குத் தெளிவாகக் கேட்டது. "அவ புருஷன் செத்து ஆறு மாசம் ஆவுது, எனக்கு நீ சொல்லல. இப்ப அவள ஊரு சுத்திக் காட்டிக் கூட்டினு வருவியா? எங்கூடப் பொறந்தவ நேரா வீட்டுக்கு வரட்டும். செய்ய வேண்டியத செஞ்சி உள்ள கூப்டுக்கலாம்."

அப்பா மாமாவுக்குப் போன் போட்டு, கார் வேண்டாம் என்றார். மறுநாள் பெரியப்பாவே ஒரு சுமோ பிடித்துக்கொண்டு போனார். அதற்கடுத்த நாள் மத்தியானம், சேலம் வழியாக, எங்கும் நிற்காமல் வந்து சேர்ந்தார்கள்.

தெருமுனையிலேயே சொந்தக்காரப் பெண்கள் பத்துப் பதினைந்து பேர் காத்திருந்தார்கள். அத்தை இறங்கினாள். அந்த வெயிலில் ஸ்வெட்டர் போட்டிருந்தாள். அப்பாவுக்கு இருக்கிற அதே வட்ட முகம், பெரிய பொட்டு, தலையில் வாடின பூ, இரண்டு கையிலும் பச்சைக் கண்ணாடி வளையல். கூட்டத்தில் என்னைப் பார்த்ததும் யாரென்று கண்டுபிடித்துவிட்டவள் போலச் சிரித்தாள். நானும் சிரித்தேன். அதற்குள் பெண்கள் ஓவென்று அழுதுகொண்டு அவளைச் சூழ்ந்துகொண்டார்கள். கூட்டம் விலகியபோது பொட்டும் பூவும் இல்லை. மண்ணில் பச்சைத் துண்டுகள் கிடந்தன. வளையல் துண்டு என்றால் எங்களுக்கு உயிர், அதை வைத்து ஒரு ஆட்டமே உண்டு. அழுகிற கால்களுக்கு நடுவில் புகுந்து நாலைந்து பொறுக்கிக்கொண்டேன்.

மலையில் அத்தையைக் கேட்க ஆளில்லாததால் அவள் பொட்டும் பூவுமாகவே இருந்தாள் என்று பல வருஷம் கழித்து அம்மா சொன்னாள். ஊருக்கு வந்தால் என்ன நடக்கும் என்று அப்பாவுக்குத் தெரியும். அண்ணனை எதிர்த்துப் பேசுகிற தைரியம் அவருக்கு இல்லை. வழியை நீட்டுகிற தைரியம் மட்டும் இருந்தது. மூன்று நாள் அணையும் அருவியும் கோட்டையும் பார்த்துக்கொண்டு, எல்லாப் பெண்களையும் போல வரட்டும் என்று நினைத்திருக்கிறார். போகிற ஊரிலெல்லாம் அவளுக்குப் பூ வாங்கித் தரவேண்டும் என்று அம்மாவிடம் சொல்லி வைத்திருந்தாராம். இதை அம்மா சொன்ன அன்று நான் சாப்பிடவில்லை.

அத்தை வந்து இறங்கிய அன்று அப்பா தெருமுனைக்கு வரவில்லை. உப்பளத்தில் இருந்தார். நான் ஓடினேன். எல்லோரும் சாப்பாட்டுக்குப் போய்விட்ட உச்சி வெயிலில், அவர் மட்டும் பலகையால் உப்பை இழுத்துக் கரையில் ஏற்றிக்கொண்டிருந்தார். அத்தை வந்துவிட்டாள் என்று சொன்னேன். தெரியும் என்பதுபோலத் தலையாட்டினார். எனக்கு மனசு உறுத்திக்கொண்டே இருந்ததால், பெரியப்பாவிடம் காகிதத்தைக் கொடுத்தது நான்தான் என்பதையும் சொல்லிவிட்டேன். அடி விழும் என்று கண்ணை மூடிக்கொண்டேன்.

அப்பா பலகையைக் கீழே வைத்தார். "கையில இன்னா?" என்றார். காட்டினேன். குனிந்து பார்த்தார். பிறகு உப்புப் பூத்த விரல்களால் துண்டுகளை ஒவ்வொன்றாக எடுத்துத் தன் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

"கையக் கிழிச்சிடும் பாப்பா. நீ வூட்டுக்குப் போ."

அவ்வளவுதான் சொன்னார். திட்டவில்லை, அடிக்கவில்லை. நல்லவேளை, தப்பித்தோம் என்று வரப்பு மேல் குதித்துக் குதித்து வீட்டுக்கு ஓடினேன்.