மேற்குச் சுவரும் விமலாதேவியும்

விமலாதேவியை யாராவது "பாவம், வாயே திறக்காத பொம்பளை" என்று சொன்னால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். அவள் வாயைத் திறக்கத்தான் செய்தாள். திறந்தபோதெல்லாம் யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. அதற்கு அவளா பொறுப்பு?

எழுபத்தாறாம் வருஷம் ஆஸ்திரேலியாவில், மெல்பர்னின் கிளேட்டன் பக்கம் தமிழ்க் குடும்பங்கள் விரல்விட்டு எண்ணக்கூடிய அளவுதான். நாங்கள் மதுரைக்காரர்கள், விமலா யாழ்ப்பாணம். ஒரே தெரு என்பதால் என்னை அக்கா என்று கூப்பிட்டு ஒட்டிக்கொண்டாள். ஊரில் பெண்கள் பள்ளிக்கூடத்தில் விஞ்ஞானம் படிப்பித்தவள். இங்கே அவள் சான்றிதழை ஒருத்தரும் ஏறெடுத்துப் பார்க்காததால் பிஸ்கட் தொழிற்சாலையில் பெட்டி அடுக்கினாள். கணவர் விக்னராஜாவுக்கு நூலகத்தில் வேலை. ஒரே மகள் கமலினிக்கு நாலு வயது.

அவர்கள் வாங்கியது சிவப்புச் செங்கல் வீடு. இந்த ஊரில் செங்கல் சுவருக்கும் உள்சுவருக்கும் நடுவே இடுக்கு விட்டிருப்பார்கள்; வெளிச்சுவரைப் பூசமாட்டார்கள், செங்கல் அப்படியே தெரியும். நம் ஆட்களுக்கோ பூசாத சுவர் என்றால் பாதியில் கை வறண்டுபோனவன் கட்டிய வீடு. வந்தவர்கள் எல்லாம் தேத்தண்ணியைக் குடித்துவிட்டு, "எப்ப பூசப் போறியள்?" என்று கேட்டுவிட்டுப் போனார்கள். விக்னராஜாவுக்கு மானம் போயிற்று. குளிர்காலம் வேறு நெருங்கியது. மழையிலிருந்து செங்கல்லைக் காப்பாற்ற வேண்டும் என்று ஒரு கௌரவமான காரணமும் கிடைத்துவிட்டது.

மழைச்சாரல் அடிப்பது மேற்குச் சுவரில். அதைப் பூச ஒரு சனிக்கிழமை ஆண்கள் கூடினார்கள். மேஸ்திரி வேலை பார்த்தது என் வீட்டுக்காரர் மகாதேவன். அவர் மின்சார இன்ஜினியர். சுவரைப் பற்றி அவருக்கு என்ன தெரியும் என்று என்னைக் கேட்காதீர்கள்.

அந்தச் சுவரின் கீழ்வரிசையில், சில செங்கற்களுக்கு நடுவே, சாந்து வைக்காமல் விரல் அகலத்துக்கு இடைவெளி விட்டிருந்தது. மகாதேவன் அதில் சிமெண்டைத் திணிக்கத் தொடங்கியபோது, கறி கிண்டிக்கொண்டிருந்த விமலா ஓடி வந்தாள்.

"உந்த ஓட்டையளை அடைக்காதேங்கோ. போன மழைக்கு உள்ள இறங்கின தண்ணி உதுக்குள்ளாலதான் வெளிய வடிஞ்சது. நான் பாத்தனான்."

"அது கட்டினவன் விட்ட பிழை. குளிரும் எறும்பும் உதுக்குள்ளாலதான் வருது" என்றார் விக்னராஜா.

"நீங்க கறியைக் கவனிங்க சிஸ்டர், சுவரை நாங்க பாத்துக்கறோம்" என்றார் என் வீட்டு மேஸ்திரி. எல்லாரும் சிரித்தார்கள். இன்றைக்கும் அந்தச் சிரிப்பை நினைத்தால் வயிறு எரிகிறது.

ஜூலையில் பூச்சு மயிரிழை மயிரிழையாக வெடித்தது. வெடிப்பு வழியாக மழை உள்ளே போயிற்று, வெளியே வர வழியில்லை. அந்தச் சுவரை ஒட்டித்தான் கமலினியின் அறை. உள்பக்கம் கறுப்பாகப் பூஞ்சணம் ஏறியது. குழந்தைக்கு இழுப்பு வந்தது. யாழ்ப்பாணத்தில் அதை முட்டு என்பார்கள். நெஞ்சு ஏறி இறங்குவதைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தவளுக்குத்தான் அந்த வேதனை தெரியும்.

பழி யார் தலையில் விழுந்தது? விமலாவின் தலையில்தான். "சோத்து ஆவிதான் சுவரில படியுது. குசினியில அவிக்கிறதைக் குறை" என்றார் விக்னராஜா. ஈரத்துணியை உள்ளே காயப்போடுவதுதான் காரணம் என்று என் வீட்டுக்காரரும் தீர்ப்புச் சொன்னார். அந்தப் படித்த பெண் சமையலறையை விட்டு, மண்ணெண்ணெய் அடுப்பைக் கார் கொட்டகைக்குத் தூக்கிக்கொண்டு போய், கோட்டும் கம்பளித் தொப்பியும் போட்டுக்கொண்டு, மெல்பர்ன் ஜூலைக் குளிரில் சோறு வடித்தாள்! சூடாறுவதற்குள் சாப்பிட வேண்டுமே என்று உள்ளே உட்கார்ந்திருந்தவர்கள் அவசரப்படுத்தினார்கள்.

"ஆவியெண்டால் முதல்ல குசினிச் சுவரெல்லோ நனையவேணும் அக்கா? அது காய்ஞ்சு கிடக்கு" என்றாள் என்னிடம், பற்கள் தடதடக்க.

"இதை அவர்கிட்ட சொன்னியா?"

"எத்தினை தரம் சொல்றது?"

நான் மகாதேவனிடம் சொன்னேன். "பொம்பளைங்க ரெண்டு பேரும் சேர்ந்து கட்டடம் படிச்சிட்டீங்களா?" என்றார். அன்று ராத்திரி அவருக்குப் பழைய சோறுதான்.

ஆகஸ்ட் மாதம் ஒரு ஞாயிறு. விமலா வீட்டில் கூடியிருந்தோம். விமலா வடைத் தட்டோடு வந்தபோது மகாதேவன், "கவலைப்படாதீங்க சிஸ்டர். யாழ்ப்பாணத்து வெயில்ல குழந்தை நல்லாத் தேறிடுவா" என்றார்.

விமலாவுக்கு விளங்கவில்லை. விக்னராஜா தொண்டையைச் செருமினார். "இந்தக் குளிர் பிள்ளைக்கு ஒத்துவரேல்லை. ஊரில என்ர அக்கா வீட்டில விட்டு வளர்ப்பம். வாற கிழமைக்கு டிக்கெட் போட்டாச்சு."

பெற்றவளுக்கு வடை பரிமாறும்போது தெரிகிறது, தன் குழந்தை கடல் தாண்டிப் போகப்போகிறாள் என்று!

விமலா அழவில்லை. தட்டை மேசையில் வைத்தாள். கொட்டகைக்குப் போனாள். கொஞ்ச நேரத்தில் மேற்குச் சுவர்ப் பக்கம் டங் டங் என்று சத்தம். நாங்கள் ஓடிப்போய்ப் பார்த்தால், சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு, ஈரப்புல்லில் மண்டியிட்டு, உளியும் சுத்தியலுமாக அடைத்த ஓட்டையை உடைத்துக்கொண்டிருந்தாள்.

"விசரே உனக்கு?" என்று விக்னராஜா கத்தினார்.

சிமெண்ட் கட்டி பெயர்ந்து விழுந்தது. பின்னாலேயே தண்ணீர் வந்தது. பழுப்பு நிறம், அழுகல் நாற்றம். அவள் சேலையை நனைத்துப் புல்லில் ஓடியது, நிற்கவேயில்லை. குழந்தை படுத்த கட்டிலுக்கு ஒரு முழம் தள்ளி இவ்வளவு தண்ணீர்! மகாதேவன் அந்தத் தண்ணீரையே பார்த்துக்கொண்டு நின்றார்.

விக்னராஜா சுதாரித்துக்கொண்டு, ஏதோ வரம் கொடுப்பவர் மாதிரி, "சரி, இனிச் சுவர் காய்ஞ்சிடும். பிள்ளையை அனுப்பத் தேவையில்லை. டிக்கெட்டை நான் நிப்பாட்டுறன்" என்றார்.

விமலா நிமிர்ந்து அவரைப் பார்த்தாள்.

"சுவரைப் பற்றி நான் சொன்னனான், நீங்கள் கேக்கேல்லை. அது போகட்டும். பிள்ளையை அனுப்பிறதைப் பற்றி என்னட்டை ஒரு சொல்லுக் கேட்டனீங்களோ?"

அவள் அடுத்த ஓட்டையில் உளியை வைத்தாள்.