எல்லா ஐகானும் சாம்பல்

சின்னாளப்பட்டியில் சுங்குடிச் சேலை விற்கும் எனக்கு எதையும் நிறத்தை வைத்துத்தான் அடையாளம் தெரியும். செல்போனிலும் அப்படித்தான். பச்சை என்றால் வீடியோ கால், நீலம் என்றால் வங்கி. கீழே இருக்கும் பெயரைப் படித்ததே இல்லை.

அன்று பதினொரு மணிக்குக் கோயம்புத்தூர் கடைக்காரர் ஒருவரை அழைத்துச் சேலைகளைக் காட்ட வேண்டும். தீபாவளிச் சரக்கை எங்களிடம் எடுப்பாரா என்பது அதில்தான் இருந்தது. பத்தே முக்காலுக்குப் போன் அப்டேட் முடிந்து கண் திறந்தது. எல்லா ஐகானும் சாம்பல்!

ஒன்றைத் தொட்டேன், கால்குலேட்டர் வந்தது. இன்னொன்றைத் தொட்டேன், கேமரா திறந்து வெளிறிப்போன என் மூஞ்சியையே காட்டியது. "வைரஸ் வந்துருச்சு! எல்லாத்தையும் அழிச்சாத்தான் சரியாகும்!" என்று கத்திக்கொண்டே ரீசெட் வரை போய்விட்டேன்.

மனைவி போனைப் பிடுங்கினாள். "அழிச்சா சேலைப் படம் அம்புட்டும் போயிரும். செத்த நேரம் சும்மா இருங்க. ஐகானுக்குக் கீழ பேரு போட்டுருக்குல்ல, படிக்க மாட்டீகளா?"

திரையில் காலி இடத்தை அழுத்திப் பிடித்தாள். வால்பேப்பர் அமைப்புக்குள் போய், ஐகான்களை ஒரே நிறமாக்கும் பொத்தானை அணைத்தாள். அடடா! பச்சை, நீலம், சிவப்பு எல்லாம் ஒரே நொடியில் வந்து குதித்தன. நான் போட்ட கூச்சலில் பக்கத்து வீட்டுத் தறி நின்றது.

பச்சையைத் தொட்டேன். கடைக்காரர் எடுத்த எடுப்பில் கேட்டார்: "ஏனுங்க, சாம்பல் கலர்ல ஏதாச்சும் இருக்குதுங்களா?"

மனைவி முந்தானையைக் கடித்துக்கொண்டு திரும்பிக்கொண்டாள்.

"இருக்குங்க," என்றேன். "காலையில இருந்து அதைத்தான் பார்த்துக்கிட்டு இருக்கேன்."

தீபாவளிச் சரக்கில் முதலில் உறுதியானது அந்தச் சாம்பல்தான்.