ஊரே கைதட்டிய தோல்வி

மூன்று வருடங்களுக்கு முன்பு ஓர் ஆடி மாத ஞாயிற்றுக்கிழமை. சேலம்-நாமக்கல் சாலையில் புதுச்சத்திரம் தாண்டி ஒரு பெரிய கல்யாண மண்டபம். ஆடியில் யார் கல்யாணம் வைப்பார்கள்? மண்டபம் காலியாகக் கிடந்தது. மணமேடைக்கு முன்னால் நாற்காலிகளை ஒதுக்கிவிட்டு, எட்டு மூலை உள்ள கம்பிக் கூண்டு ஒன்றை நிறுத்தியிருந்தார்கள். அன்றைக்கு அந்தக் கூண்டுக்குள் இறங்கிச் சண்டை போட்டவர்களில் நானும் ஒருத்தி.

இவள் எதற்குக் கூண்டுக்குள் போனாள் என்று நீங்கள் குழம்பக் கூடாது. அதனால் என்னைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். நான் மல்யுத்தக்காரி. நாமக்கல் பக்கம் ஹாஸ்டலோடு இருக்கும் ஒரு பள்ளியில் படித்தேன். மார்க் விஷயத்தில் இவளைத் தேற்ற முடியாது என்று புரிந்துகொண்ட பி.டி. டீச்சர், என்னை மல்யுத்த மெத்தைப் பக்கம் தள்ளிவிட்டார். அதற்குப் பிறகு பத்து வருடம் அந்த மெத்தைதான் என் உலகம். மாநில அளவில் மெடல்கள் வாங்கினேன். தேசிய அணித் தேர்வில் மட்டும் மூன்று முறையும் கடைசிச் சுற்றில் கோட்டை விட்டேன்.

மூன்றாவது முறை திரும்பி வந்தபோது இருபத்து நான்கு வயது. அப்போதுதான் சேலத்தில் எம்.எம்.ஏ. சொல்லிக்கொடுக்கும் ஒரு மாஸ்டர் கூப்பிட்டார். குத்து, உதை, மல்யுத்தம், கழுத்துப் பூட்டு எல்லாம் கலந்த தொழில்முறைச் சண்டை அது. "புடி உங்கிட்ட இருக்குதும்மா. நாலு குத்து நான் சொல்லித் தாரேன்" என்றார். சேர்ந்தேன். ஒன்றரை வருடத்தில் நான்கு சண்டை. நான்கிலும் ஜெயித்தேன். காலைப் பிடித்துத் தூக்கிப் போடுவேன், மேலே ஏறி உட்காருவேன், அவ்வளவுதான். ஒருத்திக்கும் எழுந்திருக்க வழி தெரியவில்லை. எனக்குக் கொஞ்சம் தலைக்கனம் இருந்தது என்று சொன்னால் என் அண்ணன் சிரிப்பார். கொஞ்சமா என்பார்.

அன்றைக்கு நடந்தது ஐந்தாவது சண்டை. அதிலும் ஜெயித்துத் தோல்வியே இல்லாதவளாக இருந்தால், வளைகுடாவில் நடக்கும் ஒரு பெரிய போட்டியில் இடம் தருவதாகப் பேச்சு. பாஸ்போர்ட் எடுத்து, பெட்டி கூட வாங்கி வைத்துவிட்டேன்.

சண்டை எங்கள் ஊர்ப் பக்கமே அமைந்ததில் எனக்கு ஏகப்பட்ட பெருமை. அம்மா ஒரு கோழிப்பண்ணையில் முட்டை தரம் பிரிக்கிற வேலை பார்க்கிறார். கூட வேலை செய்கிற பெண்கள் அத்தனை பேரையும் ஒரு வேனில் கூட்டி வந்துவிட்டார். அண்ணன் லாரிக்கு பாடி கட்டும் பட்டறையில் வெல்டர். பட்டறையே வந்திருந்தது. சொல்லப்போனால் அந்தக் கூண்டை அடித்ததே அவர்கள்தான். "பத்து டன் லோடு தாங்கும் அம்மிணி. நீ மோதி ஒண்ணும் ஆவாது" என்று அண்ணன் கம்பியைத் தட்டிக் காட்டினார்.

எதிரில் வந்தவள் தேனிப் பக்கத்துப் பெண். இருபத்திரண்டு வயது. ஜூடோவிலிருந்து வந்தவள். அவளும் அவள் கோச்சும் மட்டும் பஸ் பிடித்து வந்திருந்தார்கள். எனக்காகக் கத்த இருநூறு பேர், அவளுக்காகக் கத்த ஒரே ஒருவர்.

சண்டைக்குள் போவதற்கு முன்னால் மல்யுத்தக்காரர்களின் ஒரு பழக்கத்தைச் சொல்ல வேண்டும். மல்யுத்தத்தில் தோள் இரண்டும் மெத்தையில் பட்டால் ஆட்டம் முடிந்தது. அதனால் விழும்போதே குப்புறத் திரும்பிக்கொள்வோம். பத்து வருடம் பழகினால் தூக்கத்தில் கட்டிலிலிருந்து விழுந்தாலும் குப்புறத்தான் விழுவோம். ஆனால் எம்.எம்.ஏ.வில் குப்புறப் படுப்பது, வெற்றிலை பாக்கு வைத்து எதிராளியை முதுகில் ஏறச் சொல்வது மாதிரி. பின்னாலிருந்து கையைக் கழுத்தில் போட்டு இறுக்கிவிடுவார்கள். அப்படி மாட்டிக்கொண்டால், எதிராளி மேலோ தரையிலோ கையால் தட்ட வேண்டும். தட்டினால் தோல்வியை ஒத்துக்கொண்டதாக அர்த்தம். உடனே விட்டுவிடுவார்கள். தட்டாமல் மயங்கிப்போனாலும் தோல்விதான், கூண்டுக்குள் நிற்கும் ரெஃப்ரி சண்டையை நிறுத்திவிடுவார்.

நான் தட்டவே மாட்டேன். பயிற்சியில் கூடத் தட்டியதில்லை. மல்யுத்தத்தில் ஏது தட்டுவதெல்லாம்? அது எனக்குக் கையெடுத்துக் கும்பிடுகிற மாதிரி இருந்தது. "தட்டறதுக்கு வெக்கப்பட்டீன்னா ஒரு நாளைக்கு உன்னைத் தூக்கிக்கிட்டுத்தான் ஊட்டுக்குப் போவணும்" என்று மாஸ்டர் திட்டுவார். நான் காதில் வாங்கிக்கொண்டதே இல்லை.

மூன்று ரவுண்டு. முதல் ரவுண்டு எனது, இரண்டாவது அவளுடையது. மூன்றாவதில் பாதிக்கு மேல் போனபோது இடுப்பில் தூக்கி என்னை வீசினாள். விழுந்தேன். தோள் படக் கூடாது என்று உடம்பு தானாகக் குப்புறத் திரும்பியது. அடுத்த நொடி அவள் என் முதுகில் இருந்தாள், அவள் கை என் தாடைக்குக் கீழே இருந்தது. "தட்டு! தட்டும்மா!" என்று மாஸ்டர் கத்தியது கேட்டது. நான் பல்லைக் கடித்துக்கொண்டு அவள் விரல்களைப் பிரிக்கப் பார்த்தேன். பிரித்தேன். அவள் பிடி நழுவியது. சட்டென்று திரும்பி அவள் காலைப் பிடித்துக் கவிழ்த்தேன். மணி அடிக்கும் வரை மேலேயே இருந்தேன். வெளியே மேசையில் உட்கார்ந்து மார்க் போடும் மூன்று நடுவர்களில் இரண்டு பேர் வெற்றியை எனக்குக் கொடுத்தார்கள். ரெஃப்ரி என் கையை உயர்த்தினார். மண்டபம் அதிர்ந்தது.

அவளுடைய கோச் நடுவர்களின் மேசையில் போய் ஏதோ வாதாடிக்கொண்டிருந்தார். அவள் என்னிடம் வந்தாள். "அக்கா, உங்களுக்கு நெனப்பு போயிருச்சு. அதான் கைய எடுத்தேன். நான் சொன்னா நம்ப மாட்டேங்குறாக. நீங்களே சொல்லுங்கக்கா" என்றாள். எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. எனக்கா நினைவு போனது? ஒவ்வொரு நொடியும் ஞாபகம் இருக்கிறதே! தோற்றவள் சாக்குச் சொல்கிறாள் என்று முடிவு கட்டினேன். அந்த நேரம் பார்த்து என் கையில் மைக்கைக் கொடுத்தார்கள்.

"ஊட்டுக்கு வந்தவங்களுக்கு நாங்க வயிறார சோறு போடுவோமுங்க. ஜெயிப்பையும் சேத்து எலையில வெக்க முடியாதுங்க" என்றேன்.

விசில் பறந்தது. அந்தப் பெண்ணின் முகம் சிவந்தது. பையை எடுத்துக்கொண்டு கோச்சோடு போய்விட்டாள். வீட்டுக்கு வந்ததும், அந்தப் பிடியிலிருந்து எப்படி நழுவினேன் என்று வந்தவர் போனவருக்கெல்லாம் செய்து காட்டினேன். அண்ணனின் கழுத்தைக் கடன் வாங்கி நான்கு தடவை.

மறுநாள் காலை அண்ணன் போனும் கையுமாக வந்தார். முகத்தில் சிரிப்பே இல்லை. பட்டறையில் கூட வேலை பார்ப்பவர் ஒருவர் கூண்டின் மறுபக்கத்திலிருந்து எடுத்த வீடியோ. "கம்முனு பாரு அம்மிணி" என்றார்.

பார்த்தேன். நான் அவள் விரல்களைப் பிரிக்கவே இல்லை. பிரிக்கப் போன என் கை, ஈரத்துணி மாதிரி மெத்தையில் விழுகிறது. உள்ளங்கை விரிந்து கிடக்கிறது. அந்தப் பெண் தலையைச் சாய்த்து என் முகத்தைப் பார்க்கிறாள். ரெஃப்ரி அந்தப் பக்கம் நிற்கிறார். என் முகம் அவருக்குத் தெரியவில்லை. அவள் ஏதோ கத்துகிறாள். எங்கள் ஆட்கள் இருநூறு பேர் போட்ட சத்தத்தில் அவருக்குக் கேட்கவில்லை. அவர் வரட்டும் என்று அவள் காத்திருக்கவில்லை. கையை எடுத்துவிடுகிறாள். நான் செத்த கோழி மாதிரி கிடக்கிறேன். நான்கு நொடி இருக்கும். ரெஃப்ரி சுற்றி வந்து குனியும்போது எனக்கு முழிப்பு வந்துவிட்டது. பத்து வருடப் பழக்கம், கைக்குப் பக்கத்தில் இருந்த காலைப் பிடித்துவிட்டேன். நான் முடிந்துவிட்டேன் என்று நம்பி எழுந்துகொண்டிருந்தாளே, அவளுடைய கால்தான் அது. ரெஃப்ரி ஆட்டத்தைத் தொடரச் சொல்லிக் கையசைக்கிறார்.

குப்புற விழுந்தும் மீசையில் மண் ஒட்டவில்லை என்று ஆண்களைத்தான் கிண்டல் செய்வார்கள். மீசை இல்லாமலே நான் அந்தக் கதையை ஒரு சாயங்காலம் முழுக்கச் சொல்லியிருக்கிறேன்.

என் தோளுக்குப் பின்னால் அம்மா நின்று பார்த்துக்கொண்டிருந்தது அப்போதுதான் தெரிந்தது. "ஏஞ்சாமி, அந்தப் புள்ள விடாமப் புடிச்சிருந்தா?" என்று கேட்டார். பிறகு, "அது சாப்புட்டுட்டாச்சும் போச்சா?" என்றார். நான் குளியலறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன். வெட்கம். அப்படி ஒரு வெட்கத்தை நான் அதற்கு முன் பட்டதில்லை.

மாஸ்டருக்கு போன் செய்தேன். "ரெஃப்ரி பாத்ததுதாம்மா தீர்ப்பு. நீ என்ன பொய்யா சொன்ன? உனக்கே தெரியாதில்ல. வளைகுடாவுக்குப் போற வழியப் பாரு" என்றார். அவர் சொன்னது சரிதான். நேற்று நான் பொய் சொல்லவில்லை. ஆனால் வீடியோவைப் பார்த்த பிறகு வாயை மூடிக்கொண்டிருந்தால், அது பொய்தானே? அதுவும் ஊருக்கு வந்த பெண்ணை இருநூறு பேர் முன்னால் சிறுமைப்படுத்திவிட்டு, அவள் ஜெயித்ததையும் நானே வைத்துக்கொள்வதா? அந்தப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு என்னால் விமானம் ஏற முடியாது என்று தெரிந்துவிட்டது.

போட்டியை நடத்தியவருக்கு வீடியோவை அனுப்பினேன். நான் தோற்றதாக மாற்றி எழுதச் சொன்னேன். மனிதர் ஆடிப்போய்விட்டார். "ஏனுங்க, ஜெயிக்கலைன்னு சண்டைக்கு வர்றவங்களப் பாத்திருக்கேன். தோத்ததுக்கு மனுப் போடறவங்கள இப்பத்தானுங்க பாக்கறேன்" என்றார். வளைகுடா வாய்ப்பு போய்விடும் என்று இரண்டு முறை நினைவுபடுத்தினார். போனால் போகட்டுங்க என்றேன். ரெஃப்ரியையும் நடுவர்களையும் கூப்பிட்டுப் பேசி, இரண்டு நாளில் முடிவை மாற்றினார்கள். என் கணக்கில் முதல் தோல்வி, நானே கேட்டு வாங்கியது.

நான் மைக்கில் பேசிய துணுக்கு அதற்குள் பலருடைய போனில் சுற்றிக்கொண்டிருந்தது. அதனால் நானும் ஒரு வீடியோ எடுத்துப் போட்டேன். நான் மயங்கிவிட்டேன், அந்தப் பெண்தான் ஜெயித்தாள், நான் பேசியது தப்பு என்று சொன்னேன். பிறகு நம்பர் வாங்கி அவளையே கூப்பிட்டேன். வாய்க்கொழுப்பு நிறைந்த எனக்கு அன்றைக்கு ஒரு கிண்டலும் வரவில்லை. "மன்னிச்சுக்க கண்ணு" என்று மட்டும் வந்தது.

"தோத்ததுகூட பரவால்லக்கா. நீங்க மைக்குல சொன்னதுதேன் வலிச்சுச்சு. பஸ்ஸுல அழுதுக்கிட்டே போனேன்" என்றாள். ஏன் விட்டாய், ரெஃப்ரி சொல்கிற வரை பிடித்திருந்தால் நீதானே ஜெயித்திருப்பாய் என்று கேட்டேன். "யோசிச்செல்லாம் விடலக்கா. ஒங்க கை விழுந்துருச்சு. அதுக்கு மேல எப்படிக்கா புடிக்கிறது?" என்றாள்.

வளைகுடாப் போட்டிக்கு அவளைத்தான் கூப்பிட்டார்கள். அவள் அங்கே ஜெயித்ததை நாங்கள் குடும்பத்தோடு போனில் பார்த்தோம். பொறாமை இல்லை என்று சொன்னால் நம்பாதீர்கள். இருந்தது. ஆனாலும் கையை ஓங்கித் தட்டியது நான்தான். அம்மா அவளை இன்னும் சாப்பிடக் கூப்பிட்டுக்கொண்டே இருக்கிறார். போன தைக்கு வந்துவிட்டுப் போனாள்.

என் தொழில் அதோடு முடிந்துவிடவில்லை. முடியவும் விடமாட்டேன். மறுவாரமே மாஸ்டர் என்னை உட்கார வைத்து, தட்டுவதற்கு மட்டும் பயிற்சி கொடுத்தார். கழுத்தைப் பிடிப்பார், தட்ட வேண்டும், விடுவார், மறுபடி பிடிப்பார். முதல் நாள் கை தூக்கவே வரவில்லை. விழும்போது குப்புறத் திரும்பாமல் இருக்கப் பழக ஒரு வருடம் ஆனது. அதற்குப் பிறகு ஆறு சண்டை போட்டிருக்கிறேன். ஐந்தில் ஜெயித்தேன். ஒன்றில் இரண்டாவது ரவுண்டிலேயே எதிராளி என் கையைப் பூட்டிவிட்டாள். மூன்று தட்டு தட்டினேன், எழுந்தேன், அவளைக் கட்டிப்பிடித்தேன். வீட்டுக்கு வந்து நன்றாகச் சாப்பிட்டுவிட்டுத் தூங்கினேன். மறுநாள் காலை வழக்கம்போல ஓடப் போனேன். ஒன்றும் குறைந்துபோகவில்லை. அடுத்த மாதம் சேலத்தில் மறுபடி சண்டை இருக்கிறது. எதிராளி பலசாலி என்கிறார்கள். வரட்டும்.

ரெஃப்ரி நிறுத்துகிற வரை பிடித்திருக்கலாம் என்பதுதான் விதி. அவள் இன்னும் பத்து நொடி பிடித்திருந்தாலும் யாரும் அவளைக் குறை சொல்லியிருக்க முடியாது. நான் எழுந்து நடந்திருப்பேனா என்பதை மட்டும் யாராலும் சொல்ல முடியாது. அதனால் இப்போதெல்லாம் யாருடைய கழுத்தாவது என் கைக்குள் வந்தால், நான் ரெஃப்ரியை எதிர்பார்த்துக்கொண்டிருப்பதில்லை, என் கைக்குள் இருப்பவளின் மூச்சைக் கவனிக்கிறேன். நான் ஜெயிக்கத்தான் போகிறேன், ஆனால் என்னிடம் தோற்கிறவளும் தன் காலால் நடந்து அவள் அம்மாவிடம் போய்ச் சேர வேண்டும்.