மீனுக்குள் பால்

காலை எட்டு மணிக்கு ஹொய டோஸ்ட்ருப் நிலையத்தில் ஓகூஸ் நகருக்குப் போகும் ரயிலில் ஏறினேன். முப்பத்தைந்து டேனிஷ் குரோனருக்கு வாங்கிய கோப்பி வெறும் சுடுதண்ணீர். அதையும் ஒருமுறை மணந்து பார்த்துத்தான் குடித்தேன். எனக்கு ஆஸ்பத்திரிச் சமையலறையில் வேலை. பழுதானதைப் பிடிப்பதற்குத்தான் சம்பளம்.

போவது சில்க்போர்க்குக்கு. மகள் மீரா கட்ட விரும்பும் கெவினின் தாய் மதியச் சாப்பாட்டுக்கு அழைத்திருந்தார். "நீங்கள் ஓம் எண்டால் எல்லாரையும் கூப்பிட்டுக் கலியாணம். இல்லாட்டி றோட்ஹூஸிலை எழுதிப்போட்டு வாறம்" என்று மீரா முன்கூட்டியே சொல்லிவிட்டாள். நகரசபையில் எழுதுவதற்கு அப்பன் தேவையில்லை. பதினெட்டுக் கிலோமீட்டர் கடலைச் சுரங்கத்திலும் பாலத்திலுமாகக் கடந்தும் எனக்குக் கோபம் ஆறவில்லை.

ஓகூஸில் மீரா சேர்ந்துகொண்டாள். அங்கே உணவு ஆய்வுகூடம் ஒன்றில் வேலை செய்கிறாள். அடுத்த நாற்பது சொச்சம் கிலோமீட்டரும் ஏரியும் காடுமாக வந்தன.

கெவினின் தாய் ரோசா மன்னார்க்காரர். வாசலிலேயே புளித்த மணம் வந்தது. "ஜாடி போட்டனான் அண்ணை. மக்கரல் மீன்" என்றார். உப்பும் கொறக்காப்புளியும் இட்டு வாரக்கணக்கில் ஊறவைத்த மீனுக்கும் ஜாடி என்றே பெயர். எத்தனை பாகை குளிரில் வைத்தீர்கள் என்று கேட்க நாக்குத் துடித்தது. அடக்கிக்கொண்டேன்.

பொரித்த துண்டொன்று என் சோற்றுக் கோப்பையில் விழுந்தது. நான் அதைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தேன்.

"பயப்பிடாதேங்கோ அப்பா" என்றாள் மீரா. "இதிலை மெல்கசூரபக்டீரியர் இருக்கு."

'மெல்க' என்றால் டேனிஷில் பால். சட்டென்று கையை எடுத்துவிட்டேன். மீனோடு பால் சேர்ந்தால் தோலில் வெள்ளை விழும் என்று நம்புகிற வீடு எங்களுடையது.

"மீனுக்குள்ளை பால் ஊத்தினீங்களோ?"

ரோசாவின் முகம் சுருங்கியது. "பாலோ? உங்கடை வீட்டிலை செய்யாததை நாங்கள் மட்டும் செய்வமோ அண்ணை?"

கெவின் குனிந்து சோற்றையே பார்த்துக்கொண்டிருந்தான். மீரா தமிழ்ச் சொற்களைத் தேடித் தேடிச் சொன்னாள்: "பால் இல்லையப்பா. தயிரைப் புளிக்க வைக்கிற கிருமியின்ரை சொந்தக்காரர். மீனிலையும் இருக்கினம். புளிப்பாக்கி, கெட்ட கிருமியைக் கிட்ட விடமாட்டினம்."

"பொரிச்சால் சாகாதோ?" நான் விடவில்லை.

"சாவினம்தான். ஆனால் தங்கடை வேலையை முடிச்சிட்டுத்தான்."

முதலில் சிரித்தவர் ரோசாதான். எனக்கு வெட்கமாக இருந்தது. துண்டை வாயில் போட்டேன்: நல்ல உப்பு, நல்ல புளிப்பு. பழுதென்று எதுவும் பிடிபடவில்லை. இரண்டாவது துண்டை நானாகவே எடுத்தேன்.

மாலை நான்கு மணி ரயிலில், ரோசா தந்துவிட்டு என் மடியிலிருந்த ஜாடிப் போத்தலை எதிர் இருக்கை டேனிஷ்காரர் ஒரு மாதிரிப் பார்த்தார். காலையில் நான் கொண்டுவந்த பார்வை அது. யார் தந்தது என்று கேட்டார். மகளைக் கட்டப்போகிறவனின் தாய்க்கு டேனிஷில் ஒரு சொல் தேடினேன், அகப்படவில்லை.

"சம்பந்தி" என்றேன், தமிழிலேயே.

பக்கத்து இருக்கையில் மீரா கைபேசியிலிருந்து தலையைத் தூக்கினாள்.