மேட்டிலிருந்து தெரிந்த புல்வெளி

சீட்டில் விழுவது கர்த்தரின் தீர்ப்பு என்று நம்புகிறவன், தம்பிக்கு விழுந்த சீட்டைப் பார்த்து வயிறெரிந்தால், அவன் உண்மையில் யார்மீது கோபப்படுகிறான்? கெர்ஷோம் பெல் எங்கள் ஊரில் வாழ்ந்த காலமெல்லாம் எனக்கு இந்தக் கேள்வி இருந்தது.

கடலுக்கு அப்பால் சஃபோக் சீமையிலிருந்து ஒரே கப்பலில் வந்தவர்கள் அண்ணன் கெர்ஷோமும் தம்பி ஈனோக்கும். இந்தப் புதுக் கண்டத்தில் கனெக்டிகட் ஆற்றங்கரையில் காட்டை வெட்டி ஊராக்கியபோது, வழக்கப்படி சீட்டுப் போட்டே நிலம் பிரித்தோம். மூப்பர் ஜெபம் செய்து, சீட்டுகள் போட்ட தொப்பியை நீட்டினார். கடைசியில் இரண்டு சீட்டுகள்தான் மிஞ்சியிருந்தன.

"மூத்தவன் நான் நிக்கிறேன், கையை எடுடா!" என்று தம்பியை இடித்துத் தள்ளிவிட்டு கெர்ஷோம் முந்திக்கொண்டான். அவனுக்குக் கல்மேடு வந்தது. தொப்பியில் கிடந்த ஆற்றோரப் புல்வெளி ஈனோக்குக்குப் போனது.

யாரிடம் முறையிடுவது? சீட்டைக் குறை சொல்வது கர்த்தரைக் குறை சொல்வது. சபை நடுவே நின்று அந்தப் பாவத்தை அறிக்கையிட வேண்டிவரும். கெர்ஷோம் வாயைத் திறக்கவில்லை. கண்ணைத்தான் மூட முடியவில்லை.

ஒவ்வொரு குளிர்காலமும் உறைபனி பூமிக்குள்ளிருந்து புதுக் கற்களை மேலே தள்ளும். வசந்தத்தில் அவற்றைப் பொறுக்கிச் சுவராக அடுக்குவான். நிமிரும்போதெல்லாம் கீழே தம்பியின் புல்போர்கள், கொழுத்த பசுக்கள். மேட்டு நிலத்தின் சாபம் கல் அல்ல. அங்கிருந்து எல்லாம் தெரியும் என்பதுதான்.

மனைவி டெம்பரன்ஸ் விடமாட்டாள். "என்னங்க, இன்னிக்கும் காவலா? உங்க தம்பி கூலி ஏதாச்சும் தர்றாரா?"

"சும்மா இருடி. முதுகு வலிச்சுது, நிமிந்தேன்."

"உங்க முதுகு எப்பவும் அந்தப் பக்கமாத்தான் நிமிருது."

ஒரு வசந்தத்தில் ஆறு பெருகி ஈனோக்கின் வெளியை மூழ்கடித்தது. மேட்டிலிருந்து பார்த்த கெர்ஷோமின் வாயிலிருந்து, "ஸ்தோத்திரம்!" என்று வந்துவிட்டது. பக்கத்தில் நின்ற நான் கேளாதவன்போல் இருந்தேன். வெள்ளம் வடிந்தது. அது விட்டுப்போன வண்டலில் அந்த ஆண்டு புல் இடுப்பளவு வளர்ந்தது. கெர்ஷோம் அந்த வாரம் தன் கற்சுவரை இரண்டு முழம் உயர்த்தினான்.

இருவருக்கும் தலை நரைத்த பிறகு, அக்கரைப் புல்வெளியையும் பிரிப்பதென்று ஊர் முடிவு செய்தது. மீண்டும் தொப்பி வந்தது. இம்முறை கெர்ஷோம் பின்வாங்கி நின்றான்.

"நீ முதல்ல எடுடா."

"என்ன அண்ணே, இவ்வளவு மரியாதை? உடம்பு சரியில்லையா?" ஈனோக் சிரித்துக்கொண்டே எடுத்தான். அவனுக்குச் சதுப்பு விழுந்தது. கொசுவைத் தவிர எதுவும் விளையாத இடம். அடுத்துத் தொப்பிக்குள் கையை விட்ட கெர்ஷோமுக்கு அக்கரையிலேயே ஆகச் சிறந்த வெளி.

"கர்த்தர் கடைசியா உன்னைப் பார்த்துட்டார், அண்ணே," என்றான் ஈனோக். அந்தக் குரலில் துளிப் பொறாமை இல்லை. அது எங்காவது ஒளிந்திருக்கிறதா என்று கெர்ஷோம் அவன் முகத்தில் தேடினான். அன்று இரவு டெம்பரன்ஸ் எத்தனை பசு வாங்கலாம் என்று தூக்கமில்லாமல் பேசிக்கொண்டிருந்தாளாம்.

மறுநாள் கெர்ஷோம் மூப்பரிடம் போய், தன் புல்வெளியைத் தம்பி பெயருக்கும் தம்பியின் சதுப்பைத் தன் பெயருக்கும் மாற்றச் சொன்னான். இப்படி மாற்றிக்கொள்ள ஊரில் தடையில்லை. ஆனால் நல்லதைக் கொடுத்துக் கெட்டதை வாங்கியவன் அதுவரை எவனும் இல்லை. சகோதர அன்பு என்று போதகர் பிரசங்கத்திலேயே சொன்னார். என்னால் அவ்வளவு எளிதில் புகழ முடியவில்லை. நல்ல வெளி கைக்கு வந்து தம்பிமீது எரிவதும் நின்றுவிட்டால் அவனிடம் வேறென்ன மிஞ்சியிருக்கும் என்று தெரியவில்லை.

விஷயம் கேட்டு ஈனோக் மூச்சிரைக்க மேடேறி வந்தான். "ஏன் அண்ணே? நான் கேட்டேனா? எதுக்கு இப்படிப் பண்ணுனே?"

கெர்ஷோம் நிமிரவில்லை. பாதி புதைந்திருந்த பெரிய கல்லொன்றின் அடியில் விரல்களைச் செருகிக்கொண்டிருந்தான்.

"அந்தப் பக்கம் பிடிடா," என்றான்.